சின்ன வட்டத்தின் மறுபாதி

போன மாதம் தெய்வானையக்காவுக்கு ஒரு பதில் சொல்வதற்காகக் கோத்தகிரி போனேன். பெரிய பதிலெல்லாம் இல்லை. போனிலேயே சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் கேட்டவர் முகம் எப்படிப் போனது என்று நமக்குத் தெரியாது. தெரியாததே நல்லது என்று இருந்துவிடுகிற பழக்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. அதனால்தான் இந்த முறை நேரில் கிளம்பினேன்.

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி, வளைவுகளெல்லாம் தாண்டி, கோத்தகிரிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தேயிலை பேக்டரி ஓரமாக வண்டி நின்றது. ஜன்னல் திறந்திருந்தது. பறித்த கொழுந்தை மாடியில் பரப்பி வாட விடுவார்களே, அந்த வாசனை உள்ளே வந்தது. பச்சை இலையின் வாசனையும் இல்லை, டீயின் மணமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. பக்கத்து சீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார். "ஏனுங்க, என்னா வாசம் பாருங்க! இதுக்காகவே இங்க ஒரு ஊடு கட்டிப்போடலாமுங்க" என்றார். நான் தலையாட்டினேன். பிறகு ஜன்னலை இழுத்துச் சாத்தினேன். ஊருக்கெல்லாம் பிடித்த வாசனை எனக்கு மட்டும் ஆகாமல் போனதற்குக் காரணம் இதே மாதிரி இன்னொரு பேக்டரியின் மாடிதான், அதாவது அந்த மாடியில் நான் செய்த காரியம்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். இருபத்தைந்து வருடம் இருக்கும். வரலாறு படித்துவிட்டுக் கோயமுத்தூரில் சும்மா திரிந்துகொண்டிருந்தேன். அப்பாவுக்கு டவுன்ஹால் பக்கம் பாத்திரக்கடை. அங்கே நான் உட்கார்ந்தால் வருகிற வியாபாரமும் போய்விடும் என்று அவருக்கு ஓர் எண்ணம். அது தப்பான எண்ணமும் இல்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு மலைச்சரிவில் அகழாய்வு நடக்கப் போகிறது, கையெழுத்து நன்றாக இருக்கும் ஆள் ஒருவர் வேண்டும் என்று என் பேராசிரியர் சொல்லி அனுப்பினார். என்னிடம் இருந்த ஒரே சொத்து கையெழுத்துதான், உடனே கிளம்பிவிட்டேன். "பையன் என்னங்க பண்றான்?" என்று யாராவது கேட்டால், "பி.ஏ. முடிச்சுப்போட்டு மண்ணுத் தோண்டப் போயிருக்கறானுங்க" என்று அப்பா குண்டானைத் தட்டிக் காட்டியபடியே சொல்வாராம்.

உண்மையில் நான் ஒரு கூடை மண்கூடத் தோண்டவில்லை. என் வேலை சீட்டு எழுதுவது. மண்ணிலிருந்து எது வெளியே வந்தாலும், எந்த இடம், எவ்வளவு ஆழம், என்ன தேதி, என்ன பொருள் என்று எழுதி, ஒரு சீட்டைப் பைக்குள் போட்டு இன்னொன்றைப் பை வாயில் கட்ட வேண்டும். சாயங்காலம் அதையெல்லாம் நாட்குறிப்பில் ஏற்ற வேண்டும். டைரக்டர் சார் முதல் நாளே என்னைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "பொருளைவிட உன் சீட்டுதான் முக்கியம் தம்பி. சீட்டு போச்சுன்னா அது ரோட்டுல கெடக்கற ஓடு."

டைரக்டர் சார் ஓய்வு பெறும் வயதில் இருந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு மப்ளர், தோளில் வெந்நீர் பிளாஸ்க். குழியின் விளிம்பில் யாராவது கால் வைத்தால் அவருக்கே நெஞ்சில் மிதி விழுந்த மாதிரி கத்துவார். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. எந்தப் புதைகுழியையும் முழுதாகத் தோண்டக் கூடாது. நடுவில் நூல் கட்டி, ஒரு பாதியை மட்டும் தோண்டிவிட்டு மறுபாதியை அப்படியே விட்டுவிட வேண்டும். "பாதி நமக்கு, பாதி நமக்கப்புறம் வர்ற புத்திசாலிக்கு. நாம தப்புப் பண்ணிருந்தா அவன் வந்து கண்டுபிடிக்கட்டும்" என்பார். அப்போது எனக்கு அது சிரிப்பாக இருந்தது. பாதியில் விட்டால் சம்பளமும் பாதிதானா என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் கேலி பேசுவோம்.

அது பெரிய ஊரெல்லாம் இல்லை. ஏழெட்டு வீடுகளின் கல் அடித்தளம், கரியோடு ஓர் அடுப்பு, உடைந்த ஆட்டுக்கல், கொஞ்சம் இரும்புக் கசடு. கல்வெட்டும் கிடையாது, காசும் கிடையாது. பானை ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஆயிரம் வருடத்துக்கு மேலே இருக்கும் என்றார் சார். வீடுகளுக்கு மேலே, சரிவில், இறந்தவர்களை வைத்த இடம். உடம்பை எரித்து, மிஞ்சிய எலும்பைப் பொறுக்கிக் குழியில் வைத்து, மேலே பலகைக்கல் மூடி, சுற்றிலும் கல்லை வட்டமாக நட்டிருந்தார்கள். மொத்தம் ஆறு வட்டங்கள். ஐந்து வட்டங்கள் ஓர் ஆள் படுத்துக் காலை நீட்டும் அளவு. ஆறாவது மட்டும் சரிவின் ஓரத்தில், தனியாக, நான் இரண்டு கையையும் வளைத்துச் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும் அளவுக்குச் சின்னதாக இருந்தது.

அந்தச் சின்ன வட்டத்தைத் தோண்டியவர் தெய்வானையக்கா. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். சிலோனிலிருந்து கப்பலில் திரும்பி வந்த குடும்பம். பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவர், அங்கே வேலை குறைந்த நாட்களில் எங்களிடம் வந்தார். இடுப்பில் படங்கு என்கிற சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டு, மூங்கில் குச்சியால் மண்ணைக் கீறுவார். கொழுந்து கிள்ளிய விரல் என்பதால் மண்ணுக்குள் இருப்பது கல்லா ஓடா எலும்பா என்று தொட்டே சொல்லிவிடுவார். என்னை அவர் சார் என்று கூப்பிட்டதே இல்லை. "பென்சிலும் தாளும் வச்சிக்கிட்டு நிக்கிறவரு எல்லாம் எங்களுக்குக் கணக்கப்புள்ளதான்" என்று சொல்லி, கணக்கப்புள்ள என்றே கூப்பிட்டார். எனக்கு உள்ளுக்குள் கோபம். பட்டதாரி அல்லவா! டீயை அவர் தேத்தண்ணி என்று சொல்வதைக் கேட்டு நான் பழிப்புக் காட்டுவேன். "அங்கிட்டு அப்பிடித்தான் கணக்கப்புள்ள, நீங்க குடிச்சாலும் அது தேத்தண்ணிதான்" என்பார்.

சின்ன வட்டத்தின் பாதியைத் திறந்த அன்றைக்கு டைரக்டர் சார் ஊரில் இல்லை. மூடுபனி வேறு, போட்டோ எடுத்தால் வெள்ளைத் துணியை எடுத்தது போலத்தான் விழும் என்று போட்டோக்காரர் பெட்டியைத் திறக்கவேயில்லை. குழியில் பானை இல்லை, மணி இல்லை, ஒன்றுமே இல்லை. சாம்பலுக்குள் ஒரு கைப்பிடி வெந்த எலும்புத் துணுக்குகள். அதோடு இரண்டு பல், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. தெய்வானையக்கா அவற்றை உள்ளங்கையில் வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"புள்ள" என்றார் கடைசியில்.

பிறகு அவராகவே சொன்னார். சிலோனில் அவர் வேலை பார்த்த தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஒரு ஓடை. தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பரா என்று ஒரு அறை உண்டாம். அங்கே விட்டுப்போன பெண் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. இரண்டரை வயது. ஓடைப் பக்கம் புதைத்து மூன்று கல் வைத்தார்கள். மறு வருடம் இந்தியா போகிற கப்பலுக்குப் பெயர் வந்துவிட்டது. "எல்லாத்தையும் மூட்ட கட்டிக்கிட்டு வந்தம். அத மட்டும் கட்ட முடியுமா? அந்தக் கல்லு இருக்கோ, புரட்டிட்டாங்களோ" என்றார். அழவில்லை. சின்ன வட்டத்தின் கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "பாருங்க கணக்கப்புள்ள, பெரியவங்களுக்குச் செஞ்ச மாதிரியே இதுக்கும் செஞ்சிருக்காங்க. சின்னதுதானேன்னு விடல. தனியா எடம், தனியா கல்லு."

நான் சீட்டு எழுதினேன். ஆறாம் வட்டம், எலும்பு, பல் இரண்டு. நாட்குறிப்பில் எழுதவில்லை. அன்றன்றைக்கே எழுத வேண்டும் என்பது விதி. நான் வாரக் கடைசியில் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதுவேன். அழகான கையெழுத்து என்பதால் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அடுத்த நாள் மழை பிடித்தது. கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்தால் விடாது என்பது உங்களுக்குத் தெரியும்தானே. வேட்டி காயாது, தீப்பெட்டி பற்றாது, என் மாமாவிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டரில் பூஞ்சை பிடித்துவிட்டது. கூடாரத்தில் வைத்திருந்த பைகளெல்லாம் நனைந்து, பைக்குள் இருந்த சீட்டுகள் கூழாகிப் போயின. எலும்பு ஈரத்தில் உதிர ஆரம்பித்தது. டைரக்டர் சார் போனில் அலறினார். கடைசியில் போஜ கவுடர் கை கொடுத்தார். அகழாய்வு நடந்த சரிவுக்குக் கீழே சின்ன பேக்டரி வைத்திருந்த படகர், நல்ல மனிதர். கொழுந்து வாட்டும் மாடியில் ஒரு தொட்டி காலியாக இருக்கிறது, அதில் காய வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அந்தத் தொட்டியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பந்தி மேஜை நீளத்துக்கு, இடுப்பு உயரத்தில் கம்பிவலை. அதன்மேல் கொழுந்தைப் பரப்புவார்கள். ஒரு முனையில் ஆளுயர மின்விசிறி, வலைக்கு அடியிலிருந்து காற்றைத் தள்ளும். எங்கள் தொட்டிக்கு விசிறி போடவில்லை, மாடியின் கதகதப்பே போதும். பானை ஓடுகளில் ஏற்கெனவே மையால் எண் எழுதியிருந்தது, அதனால் கவலை இல்லை. எலும்பில் எழுத முடியாது. வலையின்மேல் துணி விரித்து, குழிவாரியாக எலும்பைக் குவித்து, ஒவ்வொரு குவியலின்மேலும் அதன் பை வாயில் கட்டியிருந்த சீட்டை எடுத்து வைத்து, சீட்டின்மேல் ஒரு பானை ஓட்டுத் துண்டை வைத்தேன். சீட்டைத் துணியோடு கட்டியிருக்க வேண்டும். காய்ந்த பிறகு எல்லாவற்றுக்கும் புதுச் சீட்டு எழுதிக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஐந்தாவது வட்டத்தின் குவியலுக்குப் பக்கத்தில் ஆறாவது.

எலும்பைக் காய வைத்த மாடியில் கொழுந்து பரப்ப மாட்டோம் என்று பேக்டரிப் பெண்கள் இரண்டு நாள் முரண்டு பிடித்தார்கள். கவுடர் ஒரு தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, சமாதானம் செய்தார். மூன்றாம் நாள் மத்தியானம் கொழுந்து மலையாக வந்து சேர்ந்தது. பக்கத்துத் தொட்டியில் பரப்பி விசிறியைப் போட்டார்கள். இரண்டு தொட்டிக்கும் ஒரே சுவிட்ச் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நான் அப்போது கீழே கவுடர் ரூமில் மூன்றாவது கப் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மாடியில் காவலுக்குத் தெய்வானையக்கா மட்டும். அவர் கத்திக்கொண்டே படியில் வந்தார். "கணக்கப்புள்ள! காத்து வந்துருச்சி! சீட்டெல்லாம் பறக்குது!"

மேலே ஓடியபோது விசிறியை நிறுத்தியிருந்தார்கள். துணி ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது. சீட்டுகள் கொழுந்துக்குள்ளும் ஜன்னலோரத்திலும் கிடந்தன, ஆறாவது சீட்டு மட்டும் அகப்படவேயில்லை. முதல் நான்கு குவியலும் விசிறிக்குத் தூரத்தில் இருந்ததால் தப்பின. ஆறாவது குவியல் இருந்த இடத்தில் சாம்பல் தடம் மட்டும். லேசான துணுக்குகள் தள்ளிப் போய் ஐந்தாவது குவியலோடு சேர்ந்துவிட்டன. எது எதனுடையது என்று பார்த்தால் எல்லாமே ஒரே வெந்த வெள்ளை. இரண்டு பல்லும் ஐந்தாவது குவியலின்மேல் உட்கார்ந்திருந்தன.

"பல்லு ரெண்டும் சின்ன வட்டத்துது. நாந்தானே எடுத்தேன், எனக்குத் தெரியாதா" என்றார் தெய்வானையக்கா.

"நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்றேன். போஜ கவுடர் மூச்சு வாங்க ஏறி வந்து, "ஏதாச்சும் ஆயிருச்சா?" என்று கேட்டார். ஒண்ணும் ஆகலீங்க என்றேன். பொய் அங்கேதான் ஆரம்பித்தது. நாளைக்கு உட்கார்ந்து தெளிவாக யோசித்து, டைரக்டர் சாரிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்பது என் திட்டம்.

டைரக்டர் சார் மறுநாள் காலையிலேயே ஜீப்பில் வந்து இறங்கினார். நேரே மாடிக்குப் போனார். ஐந்தாவது குவியலைக் குனிந்து பார்த்தார். அந்த வட்டத்தில் சிவப்புக் கல்மணிகள் கிடைத்திருந்தன, மெல்லிய எலும்பு, பெண்ணாக இருக்கலாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். இப்போது இடுக்கியால் ஒரு பல்லைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"முளைக்காத பல்லு. ஈறுக்குள்ளயே இருந்திருக்கு. மூணு வயசு தாண்டாது" என்றார். "தாயும் கொழந்தையும்! ஒரே குழியில! தம்பி, இந்த மலையில இது வரைக்கும் நான் பார்த்ததேயில்ல." என் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு கேட்டார்: "சின்ன வட்டத்துல என்ன வந்துச்சு?"

அங்கே நான் சொல்லியிருக்க வேண்டியது, "கலந்துபோச்சுங்க சார், எது எதுன்னு தெரியலீங்க" என்பதுதான். நாக்கு நுனி வரை வந்தது, சத்தியமாக வந்தது. வேலை நிரந்தரமாகும் என்று சார் ஜாடையாகச் சொல்லியிருந்தார். சீட்டுதான் முக்கியம் என்று முதல் நாளே சொன்னவர் முன்னால், சீட்டைப் பறக்க விட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

"ஒண்ணும் வரலீங்க சார். வெறும் சாம்பல்தானுங்க."

தெய்வானையக்கா படிப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவர் கேட்டது எனக்குத் தெரியும். அவர் பக்கம் நான் திரும்பவில்லை. அன்று சாயங்காலம் அவர் தன் குடிசை ஓரத்தில் என்னை நிறுத்தி, "ஏன் கணக்கப்புள்ள மாத்திச் சொன்னீங்க? அந்தப் புள்ளைக்குன்னு ஒரு எடம் போட்டு வச்சிருந்தாங்களே, அத இல்லன்னு ஆக்கிட்டீங்களே" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதெல்லாம் படிச்சவங்க முடிவு பண்றதுங்க, உங்களுக்கென்ன தெரியும்" என்றேன். இன்றைக்கும் குளிக்கும்போது இந்த வாக்கியம் திடீரென்று ஞாபகம் வந்து, தனியாக நின்றுகொண்டு "சே, சே" என்று சொல்லிக்கொள்வேன். என் மனைவி வெளியிலிருந்து, "யாரோட பேசறீங்க?" என்று கேட்பாள்.

வாரக் கடைசியில் நாட்குறிப்பை எழுதினேன். ஐந்தாம் வட்டம், பெண், குழந்தை. ஆறாம் வட்டம், வெற்றுக்குழி. அழகான கையெழுத்து.

அறிக்கை வந்தது. பத்திரிகையில் படம் போட்டார்கள். படித்தவர்களெல்லாம் உருகினார்கள், என் அத்தை பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டாள். வேலை நிரந்தரமாகவில்லை, அது வேறு கதை. நான் கோயமுத்தூர் திரும்பி ஒரு தனியார் கல்லூரி ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தேன். சான்றிதழ்களில் மாணவர் பெயர் எழுதுவது என் வேலை. எழுதியதை மூன்று முறை சரிபார்ப்பேன் என்று எனக்கு நல்ல பெயர். காரணம் யாருக்கும் தெரியாது.

சில வருடங்கள் கழித்து அந்த இடத்துக்குக் கம்பிவேலி போட்டார்கள். அறிக்கையைப் பார்த்துத்தான் போட்டார்கள். வீடுகளின் அடித்தளமும் ஐந்து வட்டங்களும் வேலிக்கு உள்ளே. சின்ன வட்டம் வெளியே. வெற்றுக்குழிக்கு எதற்கு வேலி?

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்காததற்கு என்னிடம் ஒரு நல்ல சமாதானம் இருந்தது. மறுபாதி இருக்கிறதே! டைரக்டர் சார் விட்டுவைத்த பாதி, நூலுக்கு அந்தப் பக்கம், பலகைக்கல்லுக்குக் கீழே அப்படியே கிடக்கிறது. குழந்தையின் மீதி எலும்பு, மீதிப் பற்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். என்றைக்காவது சார் சொன்ன புத்திசாலி வந்து தோண்டுவான், உண்மை தானாக வெளியே வந்துவிடும், நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இப்படி நினைத்து நினைத்தே இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். டைரக்டர் சார் ஓய்வு பெற்றதும் கடிதம் எழுதலாம் என்று இருந்தேன். ஓய்வு பெற்றார். அறுபது முடியட்டும், எழுபது முடியட்டும் என்று தள்ளினேன். ஒரு நாள் பேப்பரில் அவருடைய இரங்கல் செய்தி வந்தது. அன்று எனக்குத் துக்கத்தோடு கூடவே கொஞ்சம் நிம்மதியும் வந்தது. இதை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

இந்த வருடம் மழைக்கு முன்னால் ஒரு போன் வந்தது. பேரன் போனிலிருந்து தெய்வானையக்கா. என் எண்ணை எப்படிப் பிடித்தாரோ. இத்தனை வருடத்தில் நான் ஒரு பொங்கலுக்குக்கூட அவரை விசாரித்ததில்லை. "கணக்கப்புள்ள, சின்ன வட்டத்த வழிச்சி எடுத்துட்டாங்க. வந்து பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

போனேன். மேலே ஏதோ விடுதி வருகிறதாம், அதற்கு ரோட்டை அகலப்படுத்தியிருந்தார்கள். சரிவின் ஓரம் சுவர் மாதிரி நேராக வெட்டப்பட்டு, சிவப்பு மண் பளபளவென்று தெரிந்தது. வேலியை அவர்கள் தொடவில்லை, ஓர் அங்குலம்கூட. சட்டப்படி எல்லாம் சரி. சின்ன வட்டம் இருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது. நான் அந்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போஜ கவுடரின் பேக்டரியும் இல்லை, மூடி விற்று, தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் நம்பி உட்கார்ந்திருந்த மறுபாதி டிப்பர் லாரியில் போய்விட்டது. என் பொய் இனி உண்மைதான், அதை மறுக்க உலகத்தில் எதுவும் மிச்சமில்லை. இப்போது நான் தொல்லியல் துறையிடமோ பத்திரிகையிலோ சொன்னாலும், எதைக் காட்டிச் சொல்வேன்?

தெய்வானையக்காவுக்கு முதுகு வளைந்துவிட்டது. குடையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் எதையோ சொல்ல ஆரம்பித்தேன். மன்னிப்பு மாதிரி ஏதோ. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஜேசிபிக்காரன்கிட்ட நான் சொன்னேன், இதுல புள்ள இருக்குன்னு. அவன் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டான். அது வெத்துக் குழின்னு எழுதிருக்காம். அவன என்னா சொல்றது" என்றார். பிறகு, "அந்த மண்ண எங்க கொட்டுனாங்கன்னு கேட்டுச் சொல்றீங்களா? நான் கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்க படிச்சவரு" என்றார். குத்தலாகச் சொன்னாரா, வெள்ளையாகச் சொன்னாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பதிலுக்காகத்தான் இரண்டு மாதம் அலைந்தேன். ஒப்பந்தக்காரரைப் பிடித்து, அவர் கைகாட்டிய ஆளைப் பிடித்து, கடைசியில் காரமடையில் அந்த டிப்பர் டிரைவரைப் பிடித்தேன். நல்ல பையன், டீ வாங்கிக் கொடுத்தான். "அன்னிக்கு நெறைய ட்ரிப்புங்கண்ணா. கீழ வளைவுல தடுப்புச் சொவுத்துக்குப் பின்னால கொஞ்சம், பஸ் ஸ்டாப் மேடைக்குக் கொஞ்சம், ஸ்கூல் கிரவுண்டச் சமம் பண்ணக் கொஞ்சம். எந்த லோடுல எந்த மண்ணுன்னு யாருக்குங்க தெரியும்?" என்றான். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டான். ஒரு குழந்தை என்றேன். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

போன மாதம் பஸ்சிலிருந்து இறங்கும்போது தெய்வானையக்கா ஸ்டாண்டிலேயே காத்துக்கொண்டிருந்தார். இடம் தெரிந்துவிட்டது, காட்டத்தான் வருகிறேன் என்று நினைத்திருக்கிறார். கையில் பிளாஸ்டிக் பையில் ஒரு முழம் செவ்வந்தி.

அதைப் பார்த்ததும், ஏதாவது ஓர் இடத்தைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. பஸ் ஸ்டாப் பக்கத்தில்தான் இருக்கிறது, நடக்கச் சிரமமில்லை, அக்கா பூவை வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார், யாருக்கு என்ன நஷ்டம்? அந்த மாடியில் நின்ற பையன் எனக்குள் இன்னும் சாகவில்லை.

"எந்த எடம் கணக்கப்புள்ள?"

"மூணு எடத்துல கொட்டிருக்கறாங்கக்கா. அதுல எதுன்னு தெரியலீங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். போன் என்றால் இதைப் பார்க்காமல் தப்பித்திருப்பேன். ஒரு பஸ் பின்னால் வந்து, ஹாரன் அடித்து, எங்களை ஒதுங்கச் சொல்லிப் போனது.

"தெரியலன்னு ஒரு வார்த்த" என்றார். "இத அன்னைக்கே சொல்லிருந்தா அது அங்கயே கெடந்திருக்குமே."

"ஆமாங்கக்கா."

அவர் பையிலிருந்து சரத்தை எடுத்து, அளந்து பார்த்து, இரண்டு இடத்தில் நாரைப் பல்லால் கடித்து மூன்றாகப் பிரித்தார். ஒன்றை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்.

"மொதல்ல பள்ளிக்கூடத்துக்குப் போவம்" என்றார். "அங்கதான் புள்ளைங்க சத்தம் இருக்கும்."